பாறைக்கும் வாசற்படிக்கும் நடுவில் முந்நூறு மீட்டர்

எனக்கு எழுபத்தோரு வயது ஆகிறது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். மூன்று நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுப்போனது. படப்பையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் ஊர்ப் பாறைதான் ஐந்து பேருக்கும் சோறு போட்டது. பள்ளிக்கரணையிலும் கூடுவாஞ்சேரியிலும் நிற்கிற மாடிவீடுகளில் எத்தனையோ வீட்டுக்கு அடியில் நாங்கள் உடைத்த ஜல்லி கிடக்கிறது. அதை எந்த ஆபீசர் முன்னாலும் தலைநிமிர்ந்து சொல்வேன்.

படிப்பு எனக்கு அவ்வளவாகக் கிடையாது. கல் உடைக்கும் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி ஆன பிறகு, கைநாட்டு வைக்க மாட்டேன் என்ற வீம்புக்கு எழுத்துக் கற்றேன். ஒவ்வொரு எழுத்தாகத்தான் வரும். என் கை ஓய்கிறபோது பேத்தி ரேவதி நான் சொல்வதை எழுதி, பிழைகளையும் திருத்தித் தருகிறாள். பாறை எங்கள் கையை விட்டு எப்படிப் போனது என்று மகளிர் குழுக்களில் இருக்கிற சின்னப் பெண்கள் கேட்கிறார்கள். ஊரில் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கொடி

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் கொடிக்காரி. பாறையில் குழி போட்டு வெடிமருந்து கெட்டித்த பிறகு, சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு சுற்றுவட்டாரம் முழுக்க நடப்பேன். ஆடு மேய்க்கிறவர், முள் வெட்டுகிறவர், குறுக்குவழியில் வண்டி ஓட்டிவருகிறவர் எல்லோரையும் விரட்டுவேன். "வேட்டு! வேட்டு!" என்று நான் கத்தினால் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கேட்கும். கடைசியாக மேட்டில் ஏறி நின்று, "ஆள் இல்லே!" என்று குரல் கொடுப்பேன். அந்தக் குரல் வராமல் வெடிக்காரன் மணி மருந்தைத் தொடமாட்டான்.

வெடிக்கிறபோது கல் எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருமுறை தேங்காய் அளவுக் கல் ஒன்று பனைமரத்தின் தலையைச் சீவிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். அதனால் என் கண்ணால் பார்க்காமல் அந்த வார்த்தையை நான் சொன்னதே இல்லை. இன்னொருத்தர் பார்த்துவிட்டு வந்து சொன்னாலும் போய்ப் பார்ப்பேன்.

மணிக்குப் பொறுக்காது. "இன்னா ஆதியக்கா, வூடு வூடா பத்திரிகை வெச்சிகினு வர்றியா? வெயில்ல மண்ட பொளக்குது. சீக்கிரம் சொல்லு!"

"மண்ட பொளக்காம இருக்கத்தாண்டா சுத்திகினு கீறேன். வாய மூடிகினு குந்து."

பாறை எங்கள் பெயருக்கு வந்தது

முன்பெல்லாம் பாறையை ஏலம் விடுவார்கள். காண்டிராக்டர் எடுப்பார். நாங்கள் கூலிக்கு உடைப்போம். பிறகு அரசாங்கத்தில் ஒரு திட்டம் வந்தது. கல் உடைக்கிற பெண்களே சங்கமாகப் பதிவு செய்தால், சின்னப் பாறைகளை ஏலம் இல்லாமல் அவர்களுக்கே லீசுக்குக் கொடுக்கலாம் என்றார்கள். நாங்கள் பதிவு செய்தோம். நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது. ஆனால் கிடைத்தது.

லீஸ் வாங்கப் போன அன்றைக்குக் கனிமவள ஆபீசில் ஒரு கிளார்க் விளக்கினார். "பாறை அரசாங்கத்தோடதும்மா. உடைச்சி எடுக்கிற உரிமை மட்டும்தான் உங்களுக்கு. அதுவும் லீஸ் முடியிற வரைக்கும்."

என் பக்கத்தில் சங்கத்துச் செயலாளர் பச்சையம்மா இருந்தாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னா சார், கல்யாணமும் பண்ணிக் குடுத்துட்டு, பொண்ணு எங்க வூட்டுதுன்றீங்க?"

அந்த கிளார்க்கே சிரித்துவிட்டார். ஆனால் நான் வரும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கொடுத்தவர் திரும்பக் கேட்கலாம் என்பது அன்றைக்கே மனசில் ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டது.

சட்டம் எங்களுக்குக் கெட்டது மட்டும்தான் செய்தது என்று எழுதமாட்டேன். பர்மிட் இல்லாமல் ஒரு லோடுகூட வெளியே போகக் கூடாது என்று சட்டம் இருந்ததால்தான் டிப்பர்காரர்கள் எங்களை ஏமாற்ற முடியவில்லை. மருந்துக்கு லைசென்ஸ் உள்ளவன்தான் வெடி வைக்க வேண்டும் என்று இருந்ததால்தான் கை போனவர், கண் போனவர் எங்கள் பாறையில் இல்லை. லீஸ் எங்கள் பெயரில் இருந்த காலத்தில் எந்த மேஸ்திரியும் எங்களை "ஏய்" என்று கூப்பிட்டதில்லை.

பட்டா

எங்கள் பழைய குடிசைகள் ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்தன. மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித்தான் பாறைக்கு வரவேண்டும். அதனால் பாறைக்குப் பக்கத்திலேயே வீட்டுமனை கொடுங்கள் என்று தாலுக்கா ஆபீசுக்கு அலைந்தோம். எத்தனை தாசில்தார் மாறினார்கள் என்று நினைவில்லை. கடைசியில் ஒருத்தர் மனசு வைத்தார். பாறைக்குக் கிழக்கே இருந்த புறம்போக்கில் மனை அளந்து பட்டா கொடுத்தார். வீட்டுத் திட்டத்திலும் சேர்த்துவிட்டார்கள். சுவர் எழும்பியது. ஆளுக்கு ஒரு அறை, ஒரு அடுப்படி, தலைக்கு மேல் தளம்.

ஒரு நிபந்தனை இருந்தது. பட்டா வாங்கியவர் அங்கே குடியிருக்க வேண்டும். பூட்டிப் போட்டாலோ வாடகைக்கு விட்டாலோ ரத்து. எங்களுக்கு அது ஒரு நிபந்தனையாகவே தெரியவில்லை. வீடு வந்தால் குடியிருக்காமல் என்ன செய்வோம்?

தாலுக்கா ஆபீசில் ஒருத்தரும் பாறை எவ்வளவு தூரம் என்று கேட்கவில்லை. கனிமவள ஆபீசில் ஒருத்தரும் வீடு எங்கே கட்டுகிறீர்கள் என்று கேட்கவில்லை. நாங்களும் ஒரு ஆபீசில் நடந்ததை இன்னொரு ஆபீசில் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

பால்

அந்த நேரத்தில்தான் லீஸ் முடிகிற கட்டம் வந்தது. மறுபடி கொடுக்கும் முன்பு கனிமவள ஆபீசர் வந்து இடத்தைப் பார்ப்பார் என்று தகவல் வந்தது. சங்கத்தில் கூடிப் பேசினோம்.

பச்சையம்மாதான் ஆரம்பித்தாள். "வூடும் முடிஞ்சிடுச்சி, ஆபீசரும் வர்றாரு. அன்னிக்கே பால் காய்ச்சிடலாம்கா. அவுரு கையால மொத டம்ளர் குடிக்கட்டும். இந்தப் பாறை நம்மள எங்க கொண்டாந்து வெச்சிகீதுனு பாத்தாருன்னா, லீசு தானா நீளும்."

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. எனக்கும்தான். நல்லது செய்த கையை அழைத்து முதல் பாலைக் கொடுப்பது எங்கள் ஜனங்களின் வழக்கம். வாசலுக்கு வாழைமரம் கட்டினோம். வீட்டுக்கு வீடு மாக்கோலம். பெண்கள் வேலைக்குப் போகாமல் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஆபீசர் சின்ன வயசு. வெயிலில் முகம் சிவந்து ஜீப்பிலிருந்து இறங்கினார். கையில் தூரம் காட்டுகிற ஒரு மெஷின்.

"வாங்க சார். மொதல்ல பால் குடிங்க," என்றேன்.

"இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்திருக்கேம்மா. எதுக்குப் பால்?"

"இன்னிக்கு நாங்க குடிபோற நாளு சார். நீங்க வர்றீங்கன்னுதான் இந்த நாளையே குறிச்சோம்."

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டார். வாசற்படியில் நின்றபடி பாறையைப் பார்த்தார். திரும்பி வீடுகளைப் பார்த்தார். "இங்கேருந்து குவாரி எவ்ளோ தூரம் இருக்கும்?"

பச்சையம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "கூப்புடு தூரம்தான் சார்! அடுப்புல கொழம்ப வெச்சிட்டுப் போய் ஒரு கூடை ஜல்லி வாரிகினு வந்துடலாம்."

ஆபீசர் பாலைக் குடிக்கவில்லை.

"சக்கரை வியாதி போலக்கீது," என்று பச்சையம்மா என் காதில் சொன்னாள். பிறகு உள்ளே பார்த்து, "ஏய், சாருக்கு சக்கரை இல்லாம ஒரு டம்ளர் எடுத்தா!" என்று கத்தினாள்.

அவர் மெதுவாகச் சொன்னார். "அம்மா, குடியிருப்பிலேருந்து முந்நூறு மீட்டருக்குள்ள கல்குவாரிக்கு லீஸ் தரக் கூடாதுன்னு ரூல் இருக்கு. முன்னாடி லீஸ் குடுத்தப்ப இங்க வீடு கிடையாது. இப்ப இருக்கு. காலியா இருந்தாக்கூட ஏதாவது பார்க்கலாம். நீங்க என்னையே கூப்பிட்டு வெச்சு பால் காய்ச்சுறீங்க. ஒரு ரெண்டு மாசம் கழிச்சுக் காய்ச்சியிருக்கக் கூடாதாம்மா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பாலை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். நல்ல மனுஷன். வீடுகள் இருக்கின்றன, ஆள் குடியிருக்கிறார்களா என்பதை, லீஸ் கொடுக்கும் முன்பு ஊரைக் கூட்டி நடத்துகிற கருத்துக் கேட்புக் கூட்டத்தில் விசாரிக்க வேண்டும் என்று மட்டும் எழுதுகிறேன் என்றார். எங்களுக்காக ஒரு கதவைப் பாதி திறந்து வைத்துவிட்டுப் போனார். அந்தப் பாதிக் கதவுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

ஒரு பூட்டு வாங்கினால் போதும்

கூட்டம் நடக்கும்வரை நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்தால் கை அப்படியே நின்றுவிடும். பாறை போனால் சங்கத்தில் இருக்கிற அத்தனை வீட்டிலும் அடுப்பு அணையும். வீடு போனால் மறுபடி ஏரிக்கு அந்தப் பக்கம்.

கிரஷர் ஓனர் தாமோதரன் என் வீட்டுக்கே வந்தார். எங்கள் கல்லை வாங்கி மெஷினில் அரைத்து எம்-சாண்ட் ஆக்கி விற்கிறவர். எங்கள் பாறை நின்றுபோனால் அவருக்கும் நஷ்டம்தான்.

"எதுக்கு இவ்ளோ பேஜார் பட்றீங்க? வூட்டுக்கு ஒரு பூட்டு வாங்கி மாட்டுங்க. சாமான் வெக்கிற ஷெட்டுனு கூட்டத்துல சொல்லுங்க. யாரு வந்து எட்டிப் பாக்கப்போறா? மீதிய நான் பாத்துக்கறேன். ஒண்ணே ஒண்ணு, இனிமே கல்லு எனக்கு மட்டும்தான் வரணும்."

கிராம நிர்வாக அலுவலரிடம் போய்க் கேட்டேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஷெட்டுனு நீங்களே கூட்டத்துல சொன்னா அது பதிவாகும். குடியில்லேன்னு பட்டாவ ரத்து பண்ணச் சொல்லிடுவாங்க. அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாதுக்கா."

"அப்ப குடியிருக்கோம்னு சொன்னா?"

"லீஸ் போயிடும்."

"ரெண்டையும் குடுத்தது ஒரே சர்க்காருதான சார்?"

"குடுத்தது ரெண்டு டிபார்ட்மெண்ட்டுக்கா," என்றார். அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை.

சங்கம் இரண்டாகப் பிரிந்தது. இளவட்டப் பெண்கள் வீடு வேண்டும் என்றார்கள். பச்சையம்மா பாறைதான் வேண்டும் என்றாள். அவள் வீட்டில் மகள் பிரசவத்துக்கு வந்து, குழந்தை பிறந்து, புது வீட்டில் தூளி கட்டியிருந்தது. அந்த வீட்டிலிருந்து வந்துதான் அவள் என்னிடம் சொன்னாள்: "ஷெட்டுனே சொல்லிடுக்கா. பட்டா ரத்து ஆவட்டும், மறுபடி அலைஞ்சி வாங்கிக்கலாம். பாறை போச்சுன்னா திரும்ப வராது. ஏலத்துல எடுக்க நம்மால ஆவுமா?"

அவள் சொன்னது தப்பில்லை. இன்றுவரைக்கும் தப்பு என்று நான் நினைக்கவில்லை. சரி, அப்படியே சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

மண்டபத்தில் ஒரு கேள்வி

கூட்டம் படப்பையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமேடையில் மேசை போட்டுப் பெரிய ஆபீசர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் புது லேஅவுட்டுகளில் வீடு வாங்கியவர்கள். ஒருத்தர் எழுந்து தூசியால் பிள்ளைக்கு இழுப்பு வருகிறது என்றார். ஒரு அம்மா சுவரில் விரிசல் என்றார். அவர்கள் பேசியதும் பொய்யில்லை. எங்கள் வெடி அவர்கள் வீட்டுப் பாத்திரத்தை ஆட்டியது உண்மைதான்.

என்னைக் கூப்பிட்டார்கள். மைக் என் உயரத்துக்கு இறங்கவில்லை. ஒருத்தர் வந்து பிடித்துக்கொண்டார். மேசையில் இருந்த பெரிய ஆபீசர் பைலைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"குவாரிக்குக் கிழக்கே இருக்கிற வீடுகள்ல ஆள் இருக்காங்களா, இல்லையாம்மா?"

நான் ஷெட் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பச்சையம்மா எதிரே உட்கார்ந்து என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவர் கேட்டது என் வேலையின் கேள்வி. ஆள் இருக்கிறதா, இல்லையா. ஆள் இல்லை என்று நான் சொன்னால் அதற்கு அடுத்தது வெடிதான். பச்சையம்மா வீட்டுத் தூளி எனக்குக் கண்முன்னால் தெரிந்தது. நான் இங்கே ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு, நாளைக்கு அந்தத் தளத்தின் மேல் ஒரு கல் வந்து விழுந்தால், அங்கே அடிபட ஆளே இல்லை என்றுதானே பதிவில் எழுதியிருக்கும்?

"இருக்காங்க சார்," என்றேன். "ஆள் கீது. கைக்கொழந்த கீது. நானும் அங்கதான் குடியிருக்கேன்."

அதற்கு மேல் பேச நிறைய வைத்திருந்தேன். பட்டா கொடுத்தது யார், லீஸ் கொடுத்தது யார், எங்களுக்கு வேறு பாறை காட்டுங்கள் என்றெல்லாம் ராத்திரி பூராவும் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பேச்சை அங்கே பேசாமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.

பச்சையம்மா எழுந்து வெளியே போனாள். டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். யாரும் தொடவில்லை.

சங்கு

லீஸ் கிடைக்கவில்லை. குடியிருப்பு இருப்பதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்று தபால் வந்தது. பட்டா நிலைத்தது.

பச்சையம்மா ரொம்ப நாள் என் முகத்தில் விழிக்கவில்லை. பக்கத்து வீடுதான். குழாயடியில் ஒருநாள் குடத்தை நகர்த்தியபடி கேட்டாள். "இன்னா தலைவி, இன்னிக்கு உன் வூட்ல இன்னா சமையல்? பட்டாவ புளி ஊத்திக் கொழம்பு வெச்சிட்டியா?"

"வெச்சேன். உப்பு பத்தல. உன் வூட்லேருந்து கொஞ்சம் குடு," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்குச் சாயந்திரம் மகளிடம் குழந்தையைக் கொடுத்து என் வீட்டுக்கு அனுப்பினாள், கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லி.

எங்கள் பாறையின் பள்ளத்தில் இப்போது தண்ணீர் நிற்கிறது. மூடிய குவாரிக்கு வேலி போட வேண்டியது லீஸ் வைத்திருந்தவர்களின் பொறுப்பு என்று இன்னொரு சட்டத்தைக் காட்டினார்கள். சம்பாதிக்க முடியாத பள்ளத்துக்கு நாங்களே போய் முள் வெட்டி அடைத்தோம். பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாதே.

குன்றுக்கு அந்தப் பக்கம் தாமோதரன் ஏலத்தில் பெரிய குவாரி எடுத்திருக்கிறார். அளந்து பார்த்தார்களாம், எங்கள் வீட்டிலிருந்து முந்நூறு மீட்டருக்குக் கொஞ்சம் தள்ளி. சட்டப்படி எல்லாம் சரி. அங்கே பாதி வேலையை மெஷின் செய்கிறது. மணி அங்கேதான் வெடி வைக்கிறான். பச்சையம்மா எம்-சாண்ட் குவியலுக்குத் தண்ணீர் அடிக்கிறாள். மேஸ்திரி அவளை "ஏய்" என்றுதான் கூப்பிடுகிறார். என் எதிரில் அதை அவள் சொல்வதில்லை. மணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அங்கே கொடிக்காரி கிடையாது. மத்தியானம் மெஷினில் ஒரு சங்கு ஊதும். ஊதி முடித்ததும் வெடிப்பார்கள். சங்கு ஊதத்தான் செய்யும், அதற்குக் கண் கிடையாது. ஊதினால் நான் வாசலுக்கு ஓடிவந்து பச்சையம்மாவின் பேரன் எங்கே இருக்கிறான் என்று பார்க்கிறேன். அவன் இப்போது நடக்கிறான், ஒரு இடத்தில் நிற்பதில்லை. வெடித்து அடங்குகிறவரை அவனை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தினமும்.

அந்தக் குவாரியை இன்னும் பெரிதாக்கப் போகிறார்களாம். மறுபடி அதே மண்டபத்தில் கருத்துக் கேட்பு. இந்தத் தடவை என்னை லீஸ்காரியாக இல்லை, குடியிருப்பவளாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று சொன்னால் பச்சையம்மாவின் வேலை போகும். வேண்டும் என்று சொன்னால் தினமும் இரண்டு சங்கு. என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. ஒன்று மட்டும் கேட்கப்போகிறேன்: வெடிக்கு முன்னால் நடந்து போய்ப் பார்க்கிற ஆள் யார்? அந்த ஆளுக்குக் கூலி உண்டா? இதையாவது உட்காரும் முன்பு கேட்டுவிட வேண்டும்.

குழுக்களில் இருக்கிற பெண்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். அரசாங்கம் உங்களுக்கு நல்லது செய்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் பாலைக் காய்ச்சும் முன்பு, இதனால் ஏற்கெனவே வாங்கியது போகுமா என்று அந்த மேசையிலேயே நின்று கேளுங்கள். தெரியாது என்றால், யாருக்குத் தெரியும் என்று கேளுங்கள். அந்த ஆபீசுக்கும் போய்விட்டுப் பிறகு நாள் குறியுங்கள். நாங்கள் இரண்டு ஆபீசுக்கும் தனித்தனியாக நன்றி சொன்னோம். இரண்டையும் சேர்த்து ஒரு கேள்வி கேட்கவில்லை.

இவ்வளவுதான். ரேவதி, பேனாவ மூடு. மொதல்லேருந்து ஒருதரம் படிச்சிக் காட்டு கண்ணு, எதுனா வுட்டுட்டேனான்னு பாக்கலாம். வாசப்படிகிட்ட குந்திப் படி, அந்தப் பையன் மேல ஒரு கண்ணு வெச்சிகினு. சங்கு ஊதற நேரம் ஆவுது.